சைடுகாரில் எடையாக உட்கார்ந்தவள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வரும். பெயரும் அளவும் மறந்துபோகும். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்களாம். சைடுகார் மாட்டுகிற வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தவள் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள். நாலு மாதமாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் முழு உண்மையில்லை. ரெண்டு வரி எழுதினால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன். அது அணைந்துதான் இருக்கிறது. வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளில் ஒருவரான இசக்கி என்கிற தம்பி, தன் அம்மாவுக்காக மாட்டிய சைடுகாரை என்னிடம் காட்ட வந்திருந்தார். அதைப் பார்த்ததும் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரவில்லை. இதற்கு முன்னாலும் ஒரு தடவை இப்படித்தான் வாய் வராமல் இருந்தேன். அதை எழுதினால்தான் இது ஏன் இப்படி அரிக்கிறது என்று உங்களுக்கு விளங்கும்.

என் வீட்டுக்காரர் புளியங்குடி எலுமிச்சை லாரிக்கு மூட்டை ஏற்றப் போனவர். முதுகு ஒடிந்து வீட்டில் படுத்த பிறகு நான் வேலைக்குக் கிளம்பினேன். தென்காசியில் குற்றாலம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப். கூட்டிப் பெருக்குவது, கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது, இதுதான் என் வேலை. தலைமை மெக்கானிக் மாடசாமி அண்ணாச்சி. சாதாரண வண்டிகள் தினமும் வரும். பழைய பெரிய டூரிங் வண்டிக்குச் சைடுகார் மாட்ட மட்டும் மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள்.

அண்ணாச்சி சத்தம் போட மாட்டார். காதில் ஒரு சாக்பீஸ் துண்டு எப்போதும் சொருகியிருக்கும். வேலை சரியாக இருந்தால் “இருக்கட்டும்” என்பார், அவ்வளவுதான். தப்பாக இருந்தால் “நல்லாருக்கே” என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் தப்பைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். அந்த “நல்லாருக்கே”க்குப் பயந்து வேலையை விட்டுப் போன ஆண்பிள்ளைகள் உண்டு.

சேர்ந்த அடுத்த மாதம் ஒரு சைடுகார் வேலை. வண்டியின் பக்கவாட்டில் மாட்டுகிற ஒற்றைச் சக்கரப் பெட்டி அது; அதில் ஆள் உட்கார்ந்த கனத்தோடுதான் அளவு எடுக்க வேண்டும். அன்றைக்கு வைத்த மணல் மூட்டை கிழிந்து கொட்டிவிட்டது. அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்தார்.

“ஏ பிள்ள கோமதி, கைய தொடச்சிட்டு வந்து இதுல உக்காரு.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. சுற்றிலும் ஆண்கள் தரையில் படுத்துச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்தேன். பிறகு பழைய இரும்புக் கடைத் தராசில் என்னை ஏறச் சொன்னார்கள். ஐம்பது கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. அன்றிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் நான்தான் எடை. வாடிக்கைக்காரர்களிடம் அவர்கள் வீட்டுப் பெண்களின் கனம் எவ்வளவு என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது, அது மரியாதை இல்லை. “வீட்டம்மா நம்ம கோமதி மாதிரி இருப்பாங்களா?” என்று மட்டும் அண்ணாச்சி கேட்பார். அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆமா, இதே அளவுதான்” என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வியை அப்படித்தான் கேட்டோம்.

வேலையின் முறையைக் கொஞ்சம் சொல்லுகிறேன். முதலில் சிமெண்டுத் தரையில் ரசமட்டம் வைத்துச் சமமான இடம் பார்க்க வேண்டும். மூன்று டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். காற்றில் தப்பு இருந்தால் மற்ற எல்லா அளவும் பொய். நம் ஊரில் பெட்டி இடது பக்கம். பெட்டிச் சக்கரத்தின் அச்சு, வண்டியின் பின்சக்கர அச்சுக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும். பிறகு ரெண்டு நேர் கட்டைகளை வைப்போம். ஒன்று வண்டியின் ரெண்டு சக்கரத்தோடும் ஒட்டி, இன்னொன்று பெட்டிச் சக்கரத்தோடு ஒட்டி. ரெண்டு கட்டைக்கும் நடுவே பின்னால் ஒரு அளவு, முன்னால் ஒரு அளவு. முன்னால் ஆறு நூல் குறைய வேண்டும். எட்டு நூல் ஒரு இன்ச். அதாவது பெட்டிச் சக்கரம் முன்பக்கம் லேசாக வண்டியைப் பார்த்துத் திரும்பி நிற்கும்.

அப்புறம் சாய்மானம். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் வண்டி பெட்டியை விட்டு விலகி வலது பக்கம் ஒரு பொடி அளவு சாய்ந்திருக்க வேண்டும். பெட்டி இடது பக்கம் இழுக்கும், ரோடும் இடது ஓரம் சரிந்திருக்கும், இந்தச் சாய்மானம்தான் அதைப் பிடித்து நிறுத்தும். பெட்டியில் கனம் கூடினால் ஸ்பிரிங் அமுங்கி வண்டி இடது பக்கம் வரும். கனம் குறைந்தால் பெட்டி எழும்பி வண்டி வலது பக்கம் இன்னும் சாயும், எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்து இழுக்கும். இடது வளைவில் பெட்டிச் சக்கரம் தரையை விட்டே எழும்பும். அதனால்தான் யார் உட்காரப்போகிறார்கள் என்பது இவ்வளவு முக்கியம்.

கடைசியில் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது. அண்ணாச்சி ஓட்டுவார், நான் பெட்டியில். கூச்சத்தில் தலை நிமிராமல் வருவேன். அப்படி வந்து வந்து, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அவர் கைக்குத் தெரிவதற்கு முன்னால் என் இடுப்பெலும்புக்குத் தெரிய ஆரம்பித்தது. அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இழுக்கிற பக்கத்துக் கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்து, ஒரு விரலைத் தூக்குவேன். ஒரு விரல் ஒரு நூல். ரெண்டு விரல் ரெண்டு நூல். அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். கொட்டகைக்கு வந்து அந்த அளவுக்கு நட்டைத் திருகுவார். நல்லது என்றும் சொல்ல மாட்டார், நீ எப்படிக் கண்டாய் என்றும் கேட்க மாட்டார். இருபது வருஷம் எங்களுக்குள் பேச்சு இதுதான்.

இப்போது அந்த விஷயம். (மறுபடி எழுந்து போய் வந்தேன். மன்னிக்கவும்.)

ஒரு ஆனி மாதம், சாரல் பிடித்த நேரம். வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். தென்காசி ஊருக்குள் வீடு. கல்யாணமான புதிதில் மனைவியைப் பின்னால் வைத்து ஊர் ஊராகச் சுற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே எங்கிருந்தோ வாங்கிய துருப்பிடித்த சைடுகார். அந்த அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய் ரெண்டு வருஷமாக வாசல் தாண்டவில்லையாம். காரில் ஏறினால் மூச்சு முட்டுகிறதாம். இந்தச் சீசனில் ஐந்தருவியைப் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வண்டியில் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி வழக்கமான கேள்வியைக் கேட்டார். சுபேதார் என்னைப் பார்த்தார். “ஆமா மாடசாமி, இதே அளவுதான்” என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு நாள் வேலை. பெட்டியின் கீழ்த் தாங்கி ரெண்டும் புதிதாகச் செய்தோம். மூன்றாம் நாள், அந்த அம்மா சரிந்துவிடாமல் இருக்கப் பெட்டியில் ஒரு பெல்ட் போட வேண்டும் என்றார் சுபேதார். தோலில் ஓட்டை போடுவது என் வேலை. எந்த இடத்தில் ஓட்டை என்று கேட்கவும் கூச்சம், வெறுமே பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே புரிந்துகொண்டு, ரெண்டு கையையும் நீட்டி, விரல்களை வளைத்து, இடுப்புச் சுற்றளவைக் காற்றில் காட்டினார்.

பத்து வயதுப் பிள்ளையின் இடுப்பு அது.

வாய் சொன்ன அளவு ஒன்று, கை காட்டிய அளவு ஒன்று. தினமும் அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கிற கை, அதற்குத்தான் தெரியும். நான் அந்தக் கை காட்டிய இடத்தில் ஓட்டை போட்டேன். அண்ணாச்சி வெல்டிங்கில் குனிந்திருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். பட்டாளத்துக்காரர் சொன்னதைப் பொய் என்று, அதுவும் அவர் மனைவியின் உடம்பைப் பற்றி, ஆண்கள் நடுவில் நான் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். மறுநாள் என்னை உட்கார வைத்து அளவு எடுத்தார்கள், இலஞ்சி வரை போய் வந்தோம். என் கனத்துக்கு வண்டி நூல் பிடித்தது மாதிரி ஓடியது. தூக்க ஒரு விரல்கூட வேண்டியிருக்கவில்லை.

“இருக்கட்டும்” என்றார் அண்ணாச்சி. சுபேதார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அந்த அம்மாவை அழைத்துப் போவதாகச் சொல்லி வண்டியை எடுத்துப் போனார்.

காலையில் வேலைக்கு வந்தேன். கழுவிய சாமானையே திரும்பக் கழுவினேன். மண்ணெண்ணெய்த் தட்டைத் தட்டிவிட்டேன். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். பத்து மணி வாக்கில் அந்த வண்டியே எங்கள் வாசலைத் தாண்டிக் குற்றாலம் பக்கம் போனது. சுபேதார் கையை ஆட்டினார். பெட்டிக்குள் ஒரு பச்சைச் சேலை, ஒரு சின்னத் தலை. பெட்டி உயர்ந்து நின்றதும், வண்டி வலது பக்கம் சரிந்து போனதும் என் கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை, அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே, “அண்ணாச்சி, அந்தம்மா என்னைய விட ரொம்ப லேசு. பெட்டி தூக்கிக்கிட்டுப் போவுது” என்றேன்.

அவர் ஸ்பானர் பையை என் கையில் கொடுத்து, மொபெட்டைக் கிளப்பினார். இருபது வருஷத்தில் அவர் பின்னால் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. பேரருவிப் பக்கம் சீசன் கூட்டம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே நடக்கிறவர்கள், பழக்கடைகள். அண்ணாச்சி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஒவ்வொரு திருப்பத்திலும் ரோட்டோரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன், என்னென்னவோ நினைத்துக்கொண்டு.

ஐந்தருவி ரோட்டில் இடது பக்கம் மடங்குகிற ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் வண்டி நின்றிருந்தது. நம் பக்கத்தில் இல்லை, ரோட்டின் வலது ஓரத்தில், முன்சக்கரம் புல்லில். எதிரே ஒரு வேன் கோணலாக நிற்க, அதன் டிரைவர் இறங்கி சுபேதாரைத் திட்டிக்கொண்டிருந்தார். சுபேதார் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் அந்த அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடி ஒன்றும் இல்லை.

“ரெண்டு தடவ ஆகாசத்துக்குப் போய்ட்டு வந்தாச்சு” என்றார்கள் எங்களைப் பார்த்து. “மூணாந்தடவைக்கு இந்த வேன்காரர் வழி விடல.”

வேன் டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணாச்சி சுபேதாரின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கேட்டிருப்பார். “ஐயா, அம்மா கனம் எவ்வளவு?”

சுபேதார் மலையைப் பார்த்தார். அந்த அம்மாதான் சொன்னார்கள். “அவுகளக் கேக்காதீங்க தம்பி. அவுக கண்ணுக்கு நான் இன்னும் பழைய மாதிரிதான் இருக்கேன். போன மாசம் ஆஸ்பத்திரித் தராசு முப்பத்து மூணுன்னு காட்டுச்சு.”

“வாயில வரல மாடசாமி” என்றார் சுபேதார். “அந்த நம்பரச் சொல்லிட்டா அது நெசமாயிரும்னு இருந்துச்சு.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்கள். “எனக்குப் பதிலா உக்காந்தவ நீதானா?”

தலையை ஆட்டினேன்.

“இந்தப் பெல்ட்டுக்கு ஓட்டை போட்டது யாருட்டி?”

“நாந்தான்.”

“இடுப்புக்கு அச்சாப் பிடிக்கி. கனம் தெரியாதவ ஓட்டைய மட்டும் எப்படிச் சரியாப் போட்ட?”

அவர்கள் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. கேலிக்குத்தான் கேட்டார்கள். ஆனால் அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் ரெண்டு நாளாகத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறேன் என்று அவருக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது.

“நல்லாருக்கே” என்றார்.

என்னிடம் அவர் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். டீக்கடை பக்கத்தில் இல்லை, அதனால் அங்கேயே நின்றார். மழைத்தண்ணீர் அவர் தலையிலிருந்து சொட்டியது. பிறகு காதிலிருந்த சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தார்.

“இனிமே விரல் பத்தாது. வாயால சொல்லு. நீ சொல்லு, நான் முடுக்குதேன்.”

பக்கத்தில் ஒரு லாட்ஜின் முற்றம் சிமெண்டுத் தரை. காவல்காரரிடம் கேட்டு வண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனோம். அந்த அம்மாவை இறக்கவில்லை, அவர்களை வைத்துத்தான் அளவு. கட்டைக்குப் பதில் லாட்ஜில் கிடந்த ரெண்டு இரும்புக் குழாய். தூக்குக்குண்டுக்கு ஒரு நட்டை நூலில் கட்டினேன். முதலில் கனம் வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார். காலுக்குக் கீழே, சக்கரத்துப் பக்கம் ஒட்டி, பின்னால் வைத்தால் ஆடும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. எதிரே பழக்கடைக்காரரிடம் இரும்பு எடைக்கல் ஐந்து கிலோவில் மூன்று இருந்தன. இரவல் வாங்கி, சாக்கில் சுற்றிக் கட்டினோம். பிறகு சாய்மானம். “இன்னும் ரெண்டு நூல், இன்னும் ஒண்ணு, போதும், நிறுத்துங்க” என்று நான் சொல்லச் சொல்ல, தலைமை மெக்கானிக் தரையில் மல்லாந்து படுத்து முடுக்கினார். லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் ஈரத் துண்டோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அந்த அம்மா மேலேயிருந்து, “தம்பி, அவ சொல்லுதது கேக்குதா? சத்தம் பத்தலன்னா நான் சொல்லுதேன்” என்றார்கள்.

சுபேதார் ஓட்ட, நாங்கள் பின்னால் போனோம். அடுத்த இடது வளைவில் நான் பெட்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர ரோட்டில் அது போட்ட கோடு எங்கேயும் அறுபடவில்லை. அருவிப் பக்கம் வண்டிகள் நிறுத்துகிற இடத்திலேயே அவர்கள் நின்றார்கள். காற்று திரும்பும்போது தூறல் அந்த அம்மா முகத்தில் விழுந்தது. குடையை மடக்கச் சொன்னார்கள். அவ்வளவு போதும் என்று ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் அண்ணாச்சி கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்: உட்காருகிறவர் வராமல் அளவு எடுக்கப்படாது. அழிய அழிய எழுதிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு நான் எடையாக உட்காரவில்லை. அளவு சொல்லுகிறவளாக இருந்தேன், முழங்கால் போய் மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டு நிற்கிற வரைக்கும். அண்ணாச்சி இப்போது இல்லை. கொட்டகையும் கைமாறிவிட்டது.

போன ஞாயிறு இசக்கி தம்பி வந்தார். வேலை சுத்தமாக இருந்தது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். லேசர் வெளிச்சம் போட்டு அளந்தாராம், பெட்டியில் ஐம்பது கிலோ மணல் மூட்டை வைத்து. அது ஏன் ஐம்பது என்று நான் கேட்டேன். அதுவே பெரிய தைரியம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்கம்மா ஒங்க மாதிரிதான் ஆச்சி இருப்பாங்க” என்றார். அதே வார்த்தை. பிறகு அம்மாவின் படத்தைப் போனில் காட்டினார். படத்தில் அவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். நல்ல கனத்த உடம்பு, எண்பதுக்குக் குறையாது. இங்கே பெட்டி எழும்பாது, அமுங்கும், வண்டி இடது ஓரத்துக்கு இழுக்கும். ஐந்தருவி ரோட்டில் இடது ஓரம் பள்ளம். எனக்குத் தெரிந்தது. “ம்” என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவர் போய்விட்டார். வருகிற ஞாயிறு ஆலங்குளத்திலிருந்து அம்மாவை வைத்துக் குற்றாலம் வருகிறாராம். அவர் போன் நம்பரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இதில் எழுதியிருக்கிற அளவுகளை யாராவது விவரம் தெரிந்தவர்கள் சரிபார்க்க வேண்டும். ஆறு நூலா, ஏழு நூலா என்று எனக்கு இப்போது கொஞ்சம் குழப்பம். சுபேதார் வந்தது ஆனியா, ஆடியா என்பதும் நிச்சயமில்லை. அதற்கெல்லாம் அவசரமில்லை, மலர் அச்சாவதற்குள் பார்த்தால் போதும். ஆனால் இந்த நோட்டை வாங்கிப் போக யார் வருகிறீர்களோ, நோட்டை மூடுவதற்கு முன்னாலேயே உங்கள் கூட்டத்து இசக்கி தம்பிக்கு ஒரு போன் போடுங்கள், நம்பர் உங்களிடம் இருக்கும். மூட்டையை இறக்கிவிட்டு, அம்மாவை ஏற்றி உட்கார வைத்து, முதலிலிருந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். கோமதி ஆச்சி சொன்னாள் என்று சொல்லுங்கள்.